முந்திப் போன ஒன்பது நிமிஷம்

— பேட்டரி போயிருக்கும் மாப்ளே. இதுக்குப் போய் மூஞ்சைத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கறே.

— பேட்டரி போனா கடிகாரம் பின்னால போகும் அத்தான். இல்ல, நின்னு போகும். எங்கேயாவது முன்னால ஓடுமா?

— ஓடும் ஓடும். சாகக் கிடக்கிற ஆள் திடீர்னு எழுந்து உக்காந்து பேசறதில்ல? அந்த மாதிரி ஒரு வேகம்.

— விளையாடாதீங்க. ஒன்பது நிமிஷம். எட்டரை இல்ல, ஒன்பதேகால் இல்ல. அளந்து வச்ச மாதிரி ஒன்பது.

— யார் சொன்னா?

— ஹோட்டல் மேனேஜர். நான்தான் அவர்கிட்ட சண்டைக்குப் போனேன். “பன்னிரண்டரைக்கு மேடை ஏத்தறேன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பன்னிரண்டு முப்பத்தொன்பதுக்கு ஏத்தறீங்களே சார், அந்த ஒன்பது நிமிஷம் இருந்தா எங்க சொந்தப் பாட்டைப் பாடியிருப்போமே”ன்னு கேட்டேன். மனுஷன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். செல்ஃபோனைக் காட்டினார். சமையல்கட்டு வரைக்கும் இழுத்துட்டுப் போய் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். மூணும் ஒண்ணைச் சொல்லுது. என் கிடார் பெடல் பலகையில ஒட்டியிருக்கே இந்தத் தீப்பெட்டி சைஸ் கடிகாரம், இது மட்டும் வேற சொல்லுது.

— சரி, திருத்திக்கோ. விடு. முடிஞ்சு போச்சு.

— திருத்திட்டேன். ஆனா முடியல. அவர் இன்னொண்ணும் சொன்னார். “இந்த ஹோட்டல்லயே ஒழுங்கான குழு நீங்கதான் தம்பி, ரெண்டு மணின்னா பத்து நிமிஷம் முன்னாடியே இறங்கிடறீங்க, மத்தவங்களுக்கெல்லாம் உங்களைத்தான் உதாரணம் காட்டறேன்”னார். எனக்கு எங்கே போய் முட்டிக்கறதுன்னு தெரியல.

— நல்ல பேர்தானே வாங்கியிருக்கோம்!

— நல்ல பேர்! நேரத்தைப் பாத்துக்கறது என் பொறுப்பு அத்தான். இந்த ஹால்ல சுவர்ல கடிகாரம் கிடையாது, சாப்பிடறவங்க மணி பாக்கக் கூடாதுன்னு. மேடையில செல்ஃபோன் கூடாதுன்னு சட்டம் வேற. கைல வாட்ச் கட்டினா கிடார்ல இடிக்குது. அதோட, அக்கா உருகி உருகிப் பாடறப்போ பக்கத்துல நிக்கிறவன் கையைத் திருப்பி மணி பாத்தா, கேக்கறவங்களும் மணி பாப்பாங்க. அதனாலதான் இதைக் காலடியில ஒட்டினேன். பெடலை மிதிக்கக் குனியற மாதிரி குனிஞ்சு பாத்துப்பேன். மூணு பேருக்கும் சேத்து நான் ஒருத்தன் பாக்கற மணி இது. இதுவே பொய் சொல்லியிருக்கு.

— மிஷின்தானே மாப்ளே. மிஷினை நம்பலாமா? நான்லாம் அதைத் தொட்டதுகூட இல்ல.

— நீங்க தொட்டீங்கன்னு நான் சொல்லவே இல்லையே.

— இல்ல, ஒரு பேச்சுக்கு…

— எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேன்னானாம் ஒருத்தன். அந்த மாதிரி இருக்கு உங்க பேச்சு.

— அட, என்ன மாப்ளே நீ!

— அத்தான், இங்க பாருங்க. பின்னால ஊசி நுழையற அளவுக்கு ஓட்டை. உள்ளே ஒரு ஊக்கை விட்டு அழுத்திப் பிடிச்சாத்தான் நம்பர் நகரும். தவறிப் போய்க் கை பட்டு மாறாது. பலகையிலேர்ந்து பிச்சு எடுக்கணும், ஊக்கை விடணும், எண்ணி எண்ணி அழுத்தணும், மறுபடி ஒட்டணும். ஓட்டையைச் சுத்தி எத்தனை கீறல் பாருங்க.

— கண்ணாடி போடலடா, தெரியல.

— கண்ணாடி உங்க சட்டைப் பையில இருக்கு.

— அந்தச் சேரை இப்படி இழு. உக்காந்து பேசறேன். மேஜைத் துணியெல்லாம் இங்கேதான் கொண்டு வந்து குவிப்பானுங்களா? ஒரே ஈர நாத்தம்.

— அத்தான்!

— நான்தான்டா. போதுமா?

— ஏன்?

— அந்தப் பாட்டுக்காக.

— என் பாட்டுக்காகவா?

— உன் பாட்டு ஆறு நிமிஷம் நாப்பது செகண்ட். நடுவுல எங்கேயும் மூச்சு விட எடமில்ல, கடைசி வரைக்கும் ஓட்டம். என் இடது மணிக்கட்டு மூணாவது நிமிஷத்துல மரத்துப் போகுது மாப்ளே. கைல ஸ்டிக் இருக்கா இல்லையான்னே தெரியறதில்ல. ஒரு தடவை ஸ்டிக் பறந்து போய் முன் வரிசை ஜூஸ் டம்ளருக்குள்ள விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— எல்லாரும் கை தட்டினாங்களே. வித்தை காட்டறீங்கன்னு நெனச்சேன்.

— நானும் சிரிச்சேன். எழுந்து நின்னு வணக்கம் வேற போட்டேன். அது வித்தை இல்லடா. கை விட்டுப் போச்சு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— என்னன்னு சொல்லச் சொல்றே? டிரம்ஸ் அடிக்கறவன் போய், என் கைல உயிர் இல்லன்னு சொல்றதா? சின்னச் சின்னப் பாட்டுன்னா சமாளிச்சுடறேன். ஒண்ணு முடிஞ்சதும் டிரம்ஸுக்குப் பின்னால கையை உதறிக்குவேன். உன் பாட்டுதான் என்னைக் காட்டிக் கொடுக்கும். மேனேஜர் வேற, தெரிஞ்ச பாட்டெல்லாம் முடிஞ்சு நேரம் இருந்தா உங்க சொந்தப் பாட்டைப் பாடுங்கன்னு சொல்லி வச்சிருந்தார். நேரம் இல்லாமப் போச்சுன்னா யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்சேன்.

— யாருக்கும் நஷ்டமில்லையா? பதினாலு மாசம் அத்தான்!

— தெரியும்.

— தெரியாது உங்களுக்கு. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி குனிஞ்சு மணி பாக்கறது யாரு? நான். அக்கா பக்கம் திரும்பி, முடிச்சுக்கோன்னு விரலைச் சுத்திக் காட்டறது யாரு? நான். என் பாட்டை என் கையாலயே வெட்ட வச்சீங்க. வேற எவனாவது வெட்டியிருந்தா அவனையாவது திட்டியிருப்பேன். வீட்டுக்குப் போய், நான் ஒரு துப்பு கெட்டவன், ஒன்றரை மணி நேரத்தை ஒழுங்காப் பிரிக்கத் தெரியாதவன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

— திட்டு மாப்ளே. நாலு அறை கூட விடு.

— அந்த ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் மூணு தடவை வந்தார். நான் கூப்பிட்டு, கெஞ்சி, வர வச்சேன். “எங்க சொந்தப் பாட்டு ஒண்ணு இருக்கு சார், கேட்டா விட மாட்டீங்க”ன்னு. மூணு தடவையும் அவர் மேசைக்குப் போய் நேரம் பத்தலன்னு தலையைச் சொறிஞ்சேன். மூணாவது தடவை என்ன சொன்னார் தெரியுமா? “இருக்கு இருக்குன்னு சொல்றீங்க தம்பி, இருக்கற மாதிரி தெரியலையே”ன்னார். அதுக்கப்புறம் என் ஃபோனையே எடுக்கறதில்ல. ஆறு மாசமாச்சு. அப்போ பின்னால உக்காந்து டிரம்ஸ் தட்டைத் தொடச்சிக்கிட்டிருந்தீங்களே, அப்பகூட உங்களுக்கு வாய் வரலையா?

— தொண்டை வரைக்கும் வந்துச்சு.

— அம்மா போனப்புறம் எனக்குச் சோறு போட்ட கை அத்தான் அது. அந்தக் கைக்கு வலிக்குதுன்னா நான் வேடிக்கை பாப்பேனா? வேற ஆளைப் போட்டுப்பேன்னு நெனச்சீங்களா? அதுதான் எனக்கு எரியுது. பாட்டு போனதுகூடப் பரவால்ல. என்னை அவ்வளவுதான் எடை போட்டு வச்சிருந்தீங்க.

— தப்புதான். நாலு நிமிஷத் தப்பு, நாப்பது வருஷத்துக்குச் சேத்துப் பண்ணிட்டேன்.

— ஒன்பது.

— என்ன?

— ஒன்பது நிமிஷம்.

— நாலுடா.

— அத்தான், இவ்வளவு ஒத்துக்கிட்டீங்க. இதுல என்ன பேரம்?

— பேரம் இல்ல மாப்ளே. என் கண்ணு மேல சத்தியமா நாலு. எண்ணி நாலு தடவை அழுத்தினேன். உன் பாட்டைச் சேத்தா கடைசியில ஒரு நிமிஷம்தான் மிச்சம் இருக்கும், நாலு நிமிஷம் தள்ளினாலே அடைபட்டுடும். ஒன்பது எதுக்கு வைக்கப் போறேன்?

— ஆமா… மேடை ஏறறப்போ மொதல்ல பன்னிரண்டு முப்பத்திநாலுன்னுதான் காட்டிட்டிருந்துச்சு. ஆறு மாசம் முன்னாடிதான் முப்பத்தொன்பது ஆச்சு. மேனேஜருக்கு வர வர அலட்சியம் ஜாஸ்தியாகுதுன்னு நெனச்சேன்.

— ஆறு மாசமா? நீ தனியா வாசிக்கற சோலோவையெல்லாம் வெட்டினியே, அப்பவா?

— அதேதான். கம்பெனிக்காரர் அப்படிச் சொன்னப்புறம் ரெண்டு பாட்டுல சோலோவைத் தூக்கினேன். அக்கா பேசற பேச்சைக் குறைக்கச் சொன்னேன். நாலு நிமிஷம் மிச்சம் பிடிச்சேன். அடுத்த வாரமே பாத்தா, மறுபடியும் நேரம் பத்தல.

— எனக்கு அன்னிக்குக் குலை நடுங்கிப் போச்சு மாப்ளே, இன்னிக்கு மாட்டினோம்டான்னு. கடைசியில நீ விரலைச் சுத்தினே. கடவுள்தான் காப்பாத்தினார்னு நெனச்சுக்கிட்டேன்.

— கடவுள் ஊக்கு வச்சு அழுத்த மாட்டார். பெடல் பலகை வாரம் முழுக்க எங்கே இருக்கு? உங்க வீட்டு அலமாரியில. அந்த வீட்டுல இருக்கறது எத்தனை பேர்?

— அன்னிக்கு நான் ஊக்கு கேட்டது உங்க அக்காகிட்டதான்டா. எதுக்குன்னு கேட்டா. சட்டைல பட்டன் போச்சுன்னேன். கொடுத்துட்டு அப்படியே கதவோரம் நின்னா.

— அக்காவா? எங்க அக்காவா?

— சும்மா இரு, வர்றா. செருப்புச் சத்தம் கேக்குது.

— என்ன, ரெண்டு பேரும் அழுக்குத் துணி மூட்டைக்கு நடுவுல குடித்தனம் பண்றீங்களா? மைக் சரி பாக்கணும்னு அங்கே கத்திட்டிருக்காங்க. தம்பி, இந்தா பாட்டு லிஸ்ட். உன் பாட்டு எப்பவும் போலக் கடைசியில போட்டிருக்கேன், நேரம் இருந்தா பாத்துக்கலாம். என்னடா கண்ணு, ஏன் இப்படிப் பாக்கறே?

— லிஸ்ட்டை மாத்தணும் அக்கா. என் பாட்டுதான் மொதல்ல.

— மேனேஜர் ஒத்துக்க மாட்டாரே.

— ஒத்துக்கிட்டார். வாராவாரம் ஒன்பது நிமிஷத்தை அவருக்குச் சும்மா கொடுத்திருக்கோம்ல, இன்னிக்கு நீங்க எதை வேணா மொதல்ல பாடுங்கன்னுட்டார்.

— எந்த ஒன்பது நிமிஷம்?

— நாலு அத்தானோடது. அவர் சொல்லிட்டார். மிச்சம் யாரோடதுக்கா?

— என்னங்க! என்னத்தைச் சொன்னீங்க இவன்கிட்ட?

— என் பங்கைச் சொன்னேன். நீ உன் பங்கைச் சொல்லு. அஞ்சு நிமிஷமா?

— அஞ்சுதான்.

— என்கிட்டயும் மறைச்சிருக்கே.

— நீங்க என்கிட்ட கையை மறைக்கலையா? காலைல உங்களுக்குச் சட்டை பட்டன் போட்டு விடறது யாரு? டம்ளரை ரெண்டு கையால பிடிச்சுக் குடிக்கறீங்களே, எனக்குக் கண்ணு இல்லையா? கைக்கு எண்ணெய் தேய்ச்சு விடறப்பல்லாம், இப்பவாவது சொல்லுவாரா, இப்பவாவது சொல்லுவாரான்னு காத்துட்டிருந்தேன்.

— கேட்டியா மாப்ளே? எனக்காகத்தான் பண்ணியிருக்கா. நான் மேடையில அசிங்கப்படக் கூடாதுன்னு. திட்டறதுன்னா என்னைத் திட்டு, அவளை விட்டுடு.

— அப்படியா அக்கா? அத்தான் கைக்காகவா?

— அவர் கையைப் பாத்தா எனக்குத் தாங்கலடா.

— சரி. அப்படின்னா சரி. போச்சு, விடுங்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது, இல்லேன்னு சொல்லல. ரெண்டு பேரும் சேந்து, ஆளுக்கொரு பக்கமா என்னைக் கேனையன் ஆக்கியிருக்கீங்க. ஆனா சண்டையை வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம். இன்னிக்கு அவர் வர்றார்.

— யாரு மாப்ளே?

— கம்பெனிக்காரர். மேசைப் பதிவு நோட்டுல பாத்தேன், மூணாம் நம்பர் மேசை. நான் கூப்பிடக்கூட இல்ல அத்தான், தானா வர்றார்! கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாப்போம்னு தோணியிருக்கும் போல. இன்னிக்கு விட்டா இனிமே இல்ல. எட்டு வருஷமா அடுத்தவன் பாட்டை வாசிக்கறேன். என்னோடதுன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.

— நான் அடிக்கறேன் மாப்ளே. கை போனாப் போகட்டும்.

— ஒண்ணும் போக வேணாம். நீங்க வலது கையால ஷேக்கரை மட்டும் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டுங்க. ஓட்டத்தை நான் கிடார்ல பாத்துக்கறேன். என்ன அக்கா, பாடிடுவியா?

— எனக்குத் தொண்டை சரியில்லடா.

— காலைல நல்லாத்தானே பாடிட்டிருந்தே!

— இப்பதான் கட்டிக்கிச்சு. இன்னொரு நாள் பாத்துக்கலாம் கண்ணு, என்ன?

— சரி, நானே பாடறேன். என் குரல் உன் குரல் மாதிரி வராது. வராட்டி என்ன, எழுதினவன் குரல்ல கேட்டா அதுலயும் ஒரு இது இருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மைக்கைப் பிடிச்சு, இது நான் எழுதின பாட்டுன்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு…

— வேணாம்.

— என்ன வேணாம்?

— அந்த வரி வேணாம்டா. அவர் முன்னாடி வேணாம்.

— ஏன்டி? அவன் பாட்டை அவன்தானே சொல்லணும்?

— நீங்க சும்மா இருங்க. தம்பி, அக்கா கெஞ்சிக் கேக்கறேன். இன்னிக்கு அந்தப் பாட்டே வேணாம்.

— அக்கா, லிஸ்ட்டை ஏன் பிடுங்கறே? அத்தான் அடிக்க வேணாம்னுதான் சொல்லிட்டேனே.

— அவர் அந்தப் பாட்டை ஏற்கெனவே கேட்டுட்டார்.

— யாரு, கம்பெனிக்காரரா? எப்போ?

— மூணாவது தடவை வந்தப்போ. நீ வேனை எடுத்துட்டு வரப் போயிருந்தே. உங்க அத்தான் டிரம்ஸ் தட்டெல்லாம் கட்டிட்டிருந்தார். நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன். கிளம்பறவர் நின்னு, “அப்படி என்னதாம்மா அந்தப் பாட்டு, ஒரு நாலு வரி பாடிக் காட்டுங்க”ன்னார். நாலு வரியோட நிறுத்த விடல. முழுசாப் பாட வச்சார்.

— பாடினியா? அட, இதையா இத்தனை நாள் மறைச்சே? பிடிச்சுதா அவருக்கு?

— கண்ணு கலங்கிடுச்சுடா மனுஷனுக்கு.

— அத்தான், கேட்டீங்களா! கிடார் இல்லாம, மைக் இல்லாம, வாசல்ல பாடினதுக்கே!

— கேட்டேன் மாப்ளே. ஆனா உங்க அக்கா ஏன் அழறா?

— அடுத்த வாரமே கூப்பிட்டாங்க. தோழி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் போனேனே, ரெக்கார்டிங்குக்குத்தான் போனேன். வர்ற வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாகுது. அதைச் சொல்லத்தான் அவர் இன்னிக்கு வர்றார்.

— என் பாட்டு வெளியாகுதா? வெள்ளிக்கிழமையா? அக்கா! நீ ஒரு… என்னை உக்கார விடு கொஞ்சம். இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லாம, அஞ்சு நிமிஷத்தைத் தள்ளி வச்சு, மேடையில பாட விடாம, எதுக்குக்கா இந்தக் கூத்தெல்லாம்? மொதல் நாளே சொல்லியிருந்தா உன்னைத் தோள்ல தூக்கிட்டு ஆடியிருப்பேனே!

— வாசல்ல பாடி முடிச்சதும், “இது நீங்க எழுதினதாம்மா?”ன்னு கேட்டார்டா. ஆமான்னு சொல்லிட்டேன்.